ஒரு பாட்டு, இரண்டு பாடகர், எந்த ஃபோல்டர்?

‘தளபதி’ (1991) படத்தின் ‘காட்டுக்குயிலு’ பாட்டை யேசுதாஸ் ஃபோல்டரில் போடுவதா, எஸ்.பி.பி. ஃபோல்டரிலா? இருவரும் சேர்ந்து பாடியதாயிற்றே! இரண்டிலும் வேண்டுமென்றால் நகல் எடுத்து இடத்தை அடைக்க வேண்டியதுதான்.

மாற்றுவழி எம்பி3 கோப்புக்குள்ளேயே இருக்கிறது. பாடகர், படம், ஆண்டு ஆகிய விவரங்களை அதிலேயே எழுதிவைக்கலாம். இப்படி எழுதிவைக்கும் முறைக்கு ஐடி3 என்று பெயர். 1996இல் வந்த அதன் முதல் பதிப்பு, கோப்பின் கடைசி 128 பைட்டை இதற்கு ஒதுக்கியது. பாடகருக்கு 30 பைட்தான். இந்த இருவரின் முழுப்பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் வால் வெட்டுப்படும். 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு விவரங்களைக் கோப்பின் தொடக்கத்துக்கு மாற்றி, தாராளமாக இடமும் கொடுத்தது.

பிளேயர் இவற்றைப் படித்து அட்டவணை போட்டுக்கொள்கிறது. ஒரே கோப்பு பல பட்டியல்களில் தெரிவது அதனால்தான். ஆனால் இளையராஜாவை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதிவைத்தால், பிளேயருக்கு அவர் மூன்று இசையமைப்பாளர்கள். படப் பெயரில் ஃபோல்டர் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.