உடலின் காவற்படையும் புற்றுநோயும்



நோய் வந்தபின் அதனை மருந்தால் அழிப்பது ஒரு வழி. நோயை எதிர்க்கும் ஆற்றலை உடலுக்குள்ளேயே எழுப்பிவிடுவது மற்றொரு வழி. 1796ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர், பசுவம்மையின் நீரைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கக் காட்டிய நெறி இந்த இரண்டாவது வழியைச் சார்ந்தது. இந்நெறி புற்றுநோய்க்கும் பயன்படுமா? இன்று நான் விளக்க முற்படும் பொருள் இதுவே. புற்றுநோய் பல வகைப்படும். அவற்றுள், முதிய ஆண்களைப் பெரிதும் வருத்தும் புராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோயை எடுத்துக்கொள்கிறேன். முதியோர் நோயைப் பற்றி இளைஞர்களுக்கு ஏன் கூறவேண்டும் என்று கேட்பீர்கள். வீட்டிலுள்ள பாட்டனாருக்கு மருத்துவர் எழுதித் தரும் தாளைப் படித்துப் பொருள் சொல்பவர் பெரும்பாலும் நீங்கள்தாமே?

சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் போல அமைந்திருப்பது இச்சுரப்பி. இளமையில் இது ஒரு பெரிய நெல்லிக்காயின் அளவே இருக்கும். விந்துநீரின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் தொழில். வயது ஏற ஏற இது பருப்பது இயல்பு. அப்பருமனெல்லாம் புற்றுநோய் அன்று. ஆயினும், சிலருக்கு இதன் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகிப் புற்றாக மாறுகின்றன. இப்புற்று பெரும்பாலும் மெல்ல வளர்வது. தொடக்கத்தில் எவ்விதத் துன்பமும் தோன்றாமலும் இருக்கலாம். சுரப்பியை விட்டு வெளியே பரவும்போது, பெரும்பாலும் எலும்புகளையே நாடிச் செல்கின்றது.

சுரப்பிக்குள் அடங்கியிருக்கும் நோயை அறுவை மருத்துவத்தாலோ கதிர்வீச்சாலோ பலருக்குக் குணப்படுத்த முடிகின்றது. பரவிவிட்ட நோய்க்கு வேறு வழி வேண்டும். ஆண்மைக்குரிய ஹார்மோன் குறைந்தால் இப்புற்றும் சுருங்கும் என்பதை 1941ஆம் ஆண்டில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் அறிஞர் காட்டினார். அதற்காக 1966ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பரவிய நோய்க்கு இன்றும் இம்முறையே அடித்தளமாக இருக்கின்றது. ஆனால், காலப்போக்கில் புற்றணுக்கள் ஹார்மோன் குறைந்த நிலையிலும் வளரக் கற்றுக்கொள்கின்றன. அந்நிலையில்தான் உடலின் காவற்படையைத் துணைக்கு அழைக்கலாமா என்னும் எண்ணம் எழுந்தது.

நம் குருதியில் உலவும் வெள்ளணுக்களே அக்காவற்படை. வெளியிலிருந்து புகும் கிருமியை அவை எளிதில் அடையாளம் கண்டு தாக்குகின்றன. புற்றணுவோ வெளியிலிருந்து வந்த பகைவன் அன்று. நம் வீட்டிலேயே பிறந்து நெறி தவறிய பிள்ளை. அதனால் காவலர் அதனைக் கண்டும் காணாமல் போய்விடுகின்றனர். அவர்களை விழிப்படையச் செய்வதே நோயெதிர்ப்பு மருத்துவம்.

இம்முயற்சி பழமையானது. நியூயார்க் நகரில் அறுவை மருத்துவராக இருந்த வில்லியம் கோலி, கடுமையான தொற்றுக் காய்ச்சல் கண்ட நோயாளி ஒருவரின் புற்றுக்கட்டி மறைந்துபோன செய்தியை அறிந்தார். 1891ஆம் ஆண்டு முதல் அவர் கிருமிகளையும், பின்னர் கொல்லப்பட்ட கிருமிகளின் நஞ்சையும் புற்றுநோயாளர்க்குச் செலுத்திப் பார்த்தார். சிலர் நலம் பெற்றனர். ஆனால் பயன் ஒரே சீராகக் கிட்டவில்லை; ஏன் பலித்தது, ஏன் பலிக்கவில்லை என்று விளக்கவும் அக்காலத்தில் இயலவில்லை.

விளக்கம் வர நெடுங்காலம் ஆயிற்று. 1973ஆம் ஆண்டில் ரால்ப் ஸ்டைன்மன் என்பார், மரக்கிளைகள் போன்ற கைகளை உடைய ஓர் அணுவைப் பற்றி எழுதினார். இக்கிளையணு, பகைவனின் உடற்பகுதியைத் துண்டாக்கி, ‘இவனைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வெள்ளணுக்களுக்குக் காட்டும் தன்மையது. இதனைக் காவற்படையின் ஆசிரியர் என்று நான் கூறுவேன். தமக்குக் கணையப் புற்றுநோய் வந்தபோது, ஸ்டைன்மன் தம் ஆய்வுவழி அமைந்த மருத்துவத்தைத் தம்மிடமே சோதித்துக்கொண்டார். 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்னர் அவர் காலமானார்.

இக்கருத்தின் அடிப்படையில் அமைந்ததுதான் சிபுலூசெல்-டி என்னும் மருந்து. இதனை அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஏற்றுக்கொண்டது. இது கடையில் வாங்கும் மருந்து அன்று. நோயாளியின் குருதியிலிருந்தே வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புகின்றனர். புராஸ்டேட் புற்றணுக்களில் மிகுதியாகக் காணப்படும் ஒரு புரதத்தை அங்கே அவற்றுக்கு அறிமுகப்படுத்துகின்றனர். ஏறத்தாழ மூன்று நாட்களில், பாடம் கற்ற அவ்வணுக்கள் அதே நோயாளியின் உடலுக்குத் திரும்பச் செலுத்தப்படுகின்றன. இரண்டு வாரத்திற்கு ஒருமுறையாக மூன்று முறை இவ்வாறு செய்வர். காய்ச்சல், குளிர் நடுக்கம், சோர்வு, முதுகுவலி ஆகியவை வரலாம். பெரும்பாலும் சில நாட்களில் அவை நீங்கிவிடும்.

பயன் யாது? 512 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். மருந்து பெற்றவர்களின் வாழ்நாள் இடைநிலை அளவில் 25.8 மாதம், பெறாதவர்களின் வாழ்நாள் 21.7 மாதம். வேறுபாடு ஏறத்தாழ நான்கு மாதம். இங்கே கணக்குப் பாடத்தை நினைவுகூருங்கள். மாணவர்களை உயர வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் உயரமே இடைநிலை அளவு. அவரை விட உயர்ந்தோரும் உண்டு; குறைந்தோரும் உண்டு. எனவே, ஒவ்வொருவருக்கும் சரியாக நான்கு மாதம் கூடியது என்று கொள்வது பிழை. நோய் முற்றிலும் நீங்கிற்று என்று கொள்வது அதனினும் பெரிய பிழை. கட்டி சுருங்குவதும் இம்மருத்துவத்தில் அரிதே. அன்றியும், மூன்று முறைக்கும் சேர்த்து 2010ஆம் ஆண்டில் 93,000 டாலர் விலை குறித்தனர். பரவியும், ஹார்மோன் மருத்துவத்துக்கு அடங்காமலும், ஆனால் பெருந்துன்பம் இன்னும் தோன்றாமலும் உள்ள நிலைக்கே இது உரியது.

வேறொரு வழியும் உண்டு. மிதிவண்டிக்குத் தடை இருப்பது போலவே வெள்ளணுவுக்கும் தடைகள் உண்டு. இல்லையேல் அது நம் உடலையே தாக்கிவிடும். புற்றணுக்கள் இத்தடைகளைத் தமக்குச் சார்பாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. தடையை விடுவித்தால் காவலர் பாய்வர் என்று காட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ ஆகிய இருவரும் 2018ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். தோலின் கருநிறப் புற்று, நுரையீரற்புற்று ஆகியவற்றில் இவ்வகை மருந்துகள் வியத்தகு பயன் தந்தன. புராஸ்டேட் புற்றிலோ பெரும்பாலோருக்குப் பயன் தரவில்லை. காரணம், இக்கட்டிக்குள் வெள்ளணுக்கள் நுழைவதே குறைவு. உள்ளே காவலர் இல்லாதபோது தடையை விடுவித்து என்ன பயன்?

ஆயினும் ஒரு விலக்கு உண்டு. உயிரணு பிளக்கும்போது தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கின்றது. படியில் நேரும் பிழைகளைத் திருத்துவதற்கும் அணுவுக்குள் ஏற்பாடு உள்ளது. அத்திருத்துவோர் பழுதுற்றால் பிழைகள் குவிகின்றன. புதிய உருவுடைய புரதங்கள் பல தோன்றுகின்றன. அப்போது காவற்படை பகைவனை எளிதில் அறிந்துகொள்கின்றது. இத்தகைய பழுதுடைய புற்று எவ்வுறுப்பில் இருப்பினும், தடைநீக்கும் மருந்தாகிய பெம்ப்ரோலிசுமாபைக் கொடுக்கலாம் என்று 2017ஆம் ஆண்டில் அமெரிக்கா இசைவளித்தது. புராஸ்டேட் புற்றுநோயாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரிடம் இப்பழுது காணப்படுகின்றது. அம்மூவருள் சிலருக்கு மருந்து நீண்ட காலம் துணைநிற்கின்றது. ஆனால் தடை நீங்கிய காவலர் குடலையோ நுரையீரலையோ தைராய்டுச் சுரப்பியையோ தாக்கும் அபாயமும் உண்டு.

இவற்றை இவ்வளவு விரித்துரைக்கக் காரணம் உண்டு. என்னிடம் பயின்று, இன்று குடும்பப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஒருவர், பரவிய நிலையில் தம் தந்தையாருக்கு இந்நோய் கண்டதும் என்னிடம் வந்தார். “ஐயா, நோயெதிர்ப்பு மருத்துவம் என்று ஒன்று வந்திருக்கிறதாமே! இப்போது நடக்கும் வைத்தியத்தை நிறுத்திவிட்டு, நிலத்தை விற்றாவது அதைச் செய்துவிடலாமா?” என்று கேட்டார். நான் மருத்துவன் அல்லேன். ஆதலின் விடை கூறவில்லை. மருத்துவரிடம் கேட்பதற்கு மூன்று வினாக்களை எழுதிக் கொடுத்தேன். நோய் இப்போது எந்நிலையில் உள்ளது? நடந்துவரும் மருத்துவத்துக்கு அது அடங்குகின்றதா? புதிய மருந்துக்கு இணங்கும் அடையாளம் அப்புற்றில் உண்டா என்று சோதித்தாயிற்றா? ஹார்மோன் மருத்துவத்துக்கு நோய் நன்கு அடங்கி வருகின்றது என்றும், அதனை நிறுத்துவதே தீங்கு என்றும் மருத்துவர் விளக்கினாராம். நிலம் விற்கப்படவில்லை, மருந்தும் நிறுத்தப்படவில்லை.

நம்பிக்கை நன்று; அளவறிந்த நம்பிக்கை அதனினும் நன்று. ‘புதியது’ என்ற சொல்லைக் கேட்டதும், யாருக்கு, எந்நிலையில், எவ்வளவு பயன் என்று கேட்கப் பழகுங்கள். இன்னொன்றும் கூறுவேன். சிறுநீர் கழிப்பதில் இடர் தோன்றினாலும், கூச்சத்தால் அதனை மறைத்துவைக்கும் பெரியோர் நம் வீடுகளில் பலர். அவ்விடர் புற்றாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. ஆயினும் மருத்துவர் அதனை அறிதல் வேண்டும். அவர்களிடம் கனிவாகப் பேசி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெருஞ்செலவின்றி நீங்கள் செய்யக்கூடிய தொண்டு அதுவே.