கல்லீரல் கொழுப்பும் புதிய மருந்துகளும்

மதுவைத் தொடாதவர்க்குக் கல்லீரல் கெடாது என்னும் நம்பிக்கை தவறானது. பெங்களூர் போன்ற நகரங்களில் நாள் முழுதும் அமர்ந்தே பணிபுரிவோர் பலர் இதனைத் தாமதமாகவே அறிகின்றனர். இன்சுலின் செவ்வனே வேலை செய்யாதபோது கல்லீரல் உயிரணுக்களில் கொழுப்பு தேங்குகிறது. சிலருக்கு அது அழற்சியாகி, தழும்பாகி, இறுதியில் கல்லீரலையே சுருக்கிவிடுகிறது. நெடுநாள் வலி தோன்றாது என்பதே இதன் கொடுமை.

அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் உருவாக்கிய சரோகிளிட்டசார், நீரிழிவு நோயாளரின் இரத்தக் கொழுப்பைக் குறைக்க 2013-இல் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டது. 2020-இல், சுருக்கம் ஏற்படாத அழற்சி நிலைக்கும் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் அங்கீகரிக்கப்பட்டது. கல்லீரலிலுள்ள தைராய்டு இயக்குநீர் ஏற்பியைத் தூண்டிக் கொழுப்பை எரிக்கச் செய்வது அது. 966 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு முடிவில் அழற்சி நீங்கியோர், உயர்ந்த அளவு மருந்து பெற்றவருள் 100-க்கு 30. வெற்று மாத்திரை உண்டவருள் 10. எஞ்சிய 70 பேரையும் மறத்தலாகாது. 2025 ஆகஸ்டில், பசியைக் குறைத்து எடையை இறக்கும் செமாகுளுடைடு ஊசிக்கும் அங்கே அனுமதி கிட்டியது.

மருந்தின்றியே எடையை 100-க்கு 10 பங்கு குறைத்தவர்களிடம் தழும்பும் மட்டுப்படுவதுண்டு. 2021-இல் மைய அரசு இந்நோயைத் தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. சுகாதார ஊழியர் நாடாவால் இடுப்புச் சுற்றளவை அளந்து, ஐயமுள்ளோரை மருத்துவரிடம் அனுப்புவது அதன் முதற்படி.