இடமறிந்து அவிழும் மருந்து

நோய்க்கு மருந்து கண்டால் மட்டும் போதாது. அதனை நோயுள்ள இடத்தில் கொண்டு சேர்ப்பதும் வேண்டும். சித்த மருத்துவர் செந்தூரத்தைத் தேனிலோ நெய்யிலோ குழைத்துக் கொடுக்கும் அனுபானம் இவ்வகை முயற்சியின் பழைய வடிவமாகும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1972ஆம் ஆண்டு முதல் மருந்தாக்கவியல் கற்பிக்கப்பட்டு வருகிறது. மருந்தை உடலுட் செலுத்தும் முறைகள் அத்துறையின் முதன்மையான பகுதிகளுள் ஒன்று. புற்றுநோய் மருத்துவத்தில் இதன் பயன் மிகப் பெரிது.

புற்றுநோயை ஒரே மருந்தால் தாக்கினால், அதனைத் தாங்கிநிற்கும் சில உயிரணுக்கள் எஞ்சிப் பெருகிவிடக்கூடும். ஆதலின், வெவ்வேறு வகையில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவம் 1960களில் வேரூன்றியது. எனினும் இதில் இரு இடர்கள் உள. மருந்துகள் குருதியோடு உடலெங்கும் பரவி, மயிர்க்காலையும் எலும்பு மஜ்ஜையையும் குடலின் உட்புறத்தையும் வருத்துகின்றன. மேலும், இரண்டு மருந்துகளும் ஒரே வேகத்தில் உடலைவிட்டு நீங்குவதில்லை. செலுத்தும்போது இருந்த விகிதம் நோயுற்ற இடத்தை அடைவதற்குள் மாறிவிடுகிறது.

விகிதத்தைக் காக்க உதவுவது லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழி. சைட்டராபின், டானோரூபிசின் என்னும் மருந்துகளை 5-க்கு 1 என்ற மூலக்கூற்று விகிதத்தில் இதனுள் அடைத்த ‘வைக்சியோஸ்’, கடுமையான சிலவகைக் குருதிப் புற்றுக்காக 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 60 முதல் 75 வயதுள்ள 309 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது. அதே மருந்துகளைத் தனித்தனியே பெற்றோருள் பாதிப்பேர் ஏறத்தாழ 6 மாதமும், குமிழியில் பெற்றோருள் பாதிப்பேர் ஏறத்தாழ 9½ மாதமும் கடந்து வாழ்ந்தனர்.

உடலெங்கும் பரவும் இடரை நீக்க எழுந்த எண்ணமே இடமறிந்து அவிழும் கலம். சில மாத்திரைகளின் மேற்பூச்சு இரைப்பையின் அமிலத்தில் கரையாமல், அமிலம் குறைந்த குடலில் கரைவதை யாவரும் அறிவர். புற்றுக்கட்டிக்கும் இத்தகைய அடையாளங்கள் உண்டு. குருதியின் பி.எச். அளவு 7.4, கட்டியைச் சூழ்ந்த நீர்மத்திலோ அது பலவேளை 7-க்குக் கீழே இறங்கி அமிலச் சார்பு கொள்கிறது. சில நொதிகளும் அங்கு மிகுந்திருக்கும். அமிலத்தாலோ நொதியாலோ அறுபடும் பிணைப்பினால் கலத்தை அமைத்தால், கட்டியை அடைந்தபின் அது அவிழும். வெளியிலிருந்து வெப்பமோ ஒளியோ செலுத்தியும் அவிழ்க்கலாம். ஒரே கலத்தில் இரு மருந்துகளை இட்டு, ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் வெளிவிடச் செய்யவும் ஆய்வாளர் முயல்கின்றனர்.

ஆனால் ஆய்வுக்கூடத்திற்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையேயுள்ள வழி நெடிது. ஏறத்தாழ 40 பாகை வெப்பத்தில் அவிழும் ‘தெர்மோடாக்ஸ்’ என்னும் குமிழிமருந்து, கல்லீரற் புற்றை வெப்பத்தால் சுடும் சிகிச்சையோடு சேர்த்து 701 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என 2013இல் தெரிந்தது. வெப்பம் 45 நிமிடமேனும் நீடித்தால் பயன் விளையும் எனக் கருதி நடத்திய மறுசோதனையும் வெற்றி பெறவில்லை.

இதற்குப் பொதுவான தடைகள் சில உள. கட்டியின் எல்லாப் பகுதியும் ஒரே அளவு அமிலமுடையதன்று. செலுத்திய கலங்களிற் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகிறது.

ஆகவே, புதிய புற்றுநோய் மருந்து பற்றிய செய்தியைப் படிப்போர், அதன் பயன் சோதனைக் குழாயில் கண்டதா, எலியில் கண்டதா, மனிதரிடம் கண்டதா என்று முதலில் ஆராய்தல் வேண்டும். முதல் இரண்டும் நம்பிக்கைக்கு இடம் தருவன. அவற்றை நம்பி, மருத்துவர் இன்று அளிக்கும் சிகிச்சையை நோயாளி கைவிடலாகாது.