அகதிகளின் துயரமொழியும் உளநலத் துணையும்: ஈழத்தமிழ்ச் சொல்லாட்சிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

போரால் இடம்பெயர்ந்தோர்க்கு அளிக்கப்படும் உளநலத் துணை, அவர்கள் தம் துயரைச் சொல்லும் மொழியை அறிந்து அமையும்போதே பயன் தரும். ஈழத்துப் போர்ச்சூழலில் வழங்கிய, உருவான சில சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் பொருள் வேறுபாடுகள் துணைப்பணியின் போக்கை எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அகதி, உளவளத்துணை, பெருமூச்சு, யோசனை, மனவடு, காணாமல் ஆக்கப்பட்டோர், மெய்ப்பாடு

முன்னுரை

1983 முதல் 2009 வரை நீடித்த இலங்கை உள்நாட்டுப் போர் தமிழ் பேசும் மக்களைப் பலமுறை இடம்பெயரச் செய்தது. 1990 அக்டோபரில் வடமாகாண முசுலிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் பெயர்ந்தனர். 2009இல் வன்னிப் போர்க்களத்திலிருந்து வெளிவந்தோருள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியா மாவட்டத்து மெனிக் பாம் முகாமில் வைக்கப்பட்டனர். கடல் கடந்து வந்தோரில் ஏறத்தாழ 58,000 பேர் தமிழகத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்வதாக 2021இல் கணக்கிடப்பட்டது.

இம்மக்களின் உளநலம் மருத்துவத்துறைக்கு மட்டும் உரிய பொருளாகவே பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் உளநலப் பணியின் முதற்கருவி சொல்லே. துயருற்றவர் சொல்வதும் துணைபுரிபவர் அதனை விளங்கிக்கொள்வதும் மொழிவழியே நிகழ்கின்றன. எனவே இப்பொருள் தமிழாய்வுக்கும் உரியது.

துயரமும் நோயும்

மோதலுக்குட்பட்ட பகுதிகளில் வாழ்வோரில் 22.1 விழுக்காட்டினர், அதாவது ஐவரில் ஒருவர், ஏதேனும் ஓர் உளநலக் குறைபாட்டுடன் வாழ்வதாக உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் மதிப்பிட்டது. இக்கணக்கின் மறுபக்கமும் கருதத்தக்கது. ஐவரில் நால்வர் நோயாளர் அல்லர். எனினும் அவர்களும் வீட்டையும் உறவையும் இழந்தவர்களே. நோய் இல்லாத இடத்திலும் துயரம் உண்டு. துயரமனைத்தையும் நோயெனக் கொண்டால் இயல்பான புலம்பலும் மருந்துக்குரியதாகிவிடும். நோயைத் துயரமென்று மட்டும் கொண்டால் சிகிச்சை பெறவேண்டியவர் கைவிடப்படுவார். இவ்விரு பிழைகளையும் தவிர்க்க, மக்கள் எச்சொல்லால் எதனைக் குறிக்கின்றனர் என்பதை அறிதல் இன்றியமையாதது.

உடல்வழிச் சொல்

புத்தளத்தில் இருபது ஆண்டுகளாக இடம்பெயர்ந்து வாழ்ந்த முசுலிம்களிடையே மேற்கொள்ளப்பட்டு 2013இல் வெளியான ஆய்வொன்று, நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் 2.4 விழுக்காட்டினரிடம் இருப்பதாகக் கண்டது. மருத்துவக் காரணம் புலப்படாத உடல் வருத்தங்களாக வெளிப்படும் நோயோ 14 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. போர் என்றவுடன் மேலைநாட்டு உளமருத்துவம் முதலில் தேடும் நோயைவிட, உடல்வழி வெளிப்படும் வருத்தம் பன்மடங்கு மிகுந்திருந்தது இங்கு நோக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தமிழர் தம் துயரை வெளிப்படுத்தும் பண்பாட்டு வடிவங்களுள் ஒன்றாகப் 'பெருமூச்சு' விடுதலைச் சுட்டியுள்ளார். நெஞ்சு அடைத்தல், உடம்பு எரிதல், தலை இடித்தல், கைகால் சோர்தல் என்பனவும் இவ்வகையின. இவற்றைச் சொல்பவர் உடலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. தமிழில் 'நெஞ்சு' என்பது மார்பையும் குறிக்கும்; மனத்தையும் குறிக்கும். உடல், உள்ளம் என இரண்டாகப் பிரித்து வினவும் வினாநிரல், பிரிக்கப்படாத இச்சொல்லின் முன் தடுமாறுகிறது. முகாம் மருத்துவரிடம் நெஞ்சு நோவதாகக் கூறும் பெண் வலிநிவாரணி மாத்திரையுடன் திரும்ப நேர்வது இத்தடுமாற்றத்தின் விளைவே. உடல் வருத்தம் அனைத்தும் உளத் துயரமே என்பது இதன் பொருளன்று. உடலைச் சோதித்தபின் அச்சொல்லின் மற்றப் பொருளையும் கேட்டறிய வேண்டும் என்பதே கருத்து.

ஒரே மொழிக்குள்ளும் இவ்விடர் உண்டு. தமிழக வழக்கில் 'யோசனை' என்பது எண்ணத்தையோ ஆலோசனையையோ குறிக்கும். ஈழத்துப் பேச்சுவழக்கில் அது கவலையையும் குறிக்கும். 'யோசிக்காதைங்கோ' என்றால் கவலைப்படாதீர்கள் என்பது பொருள். 'ஒரே யோசனையாக இருக்கிறது' என்று முகாமிலுள்ள முதியவர் கூறும்போது, தமிழகத்துப் பணியாளர் அதனைச் சிந்தனை என்று கொண்டு கடந்து செல்லக்கூடும். இருவரும் தமிழர் என்பதனாலேயே மொழிபெயர்ப்பின் தேவை இங்கு உணரப்படாமற் போகிறது.

புண்ணும் வடுவும்

ஆங்கிலத்தில் வழங்கும் 'ட்ரோமா' என்னும் சொல் காயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதனைத் தமிழில் காயம் என்றே பெயர்க்கலாம். 'உளக்காயம்' என்ற வழக்கும் உண்டு. ஆயின் யாழ்ப்பாணத்தில் 1993இல் வெளிவந்த தயா சோமசுந்தரத்தின் நூல் 'மனவடு' என்ற பெயரையே கொண்டது. புண் ஆறும், வடு ஆறியபின்னும் எஞ்சும். திருவள்ளுவரும் தீயால் விளைவதைப் புண்ணென்றும், நாவால் விளைவதை வடுவென்றும் (குறள் 129) வேறுபடுத்தியுள்ளார்.

இச்சொல்லாக்கம் துணைப்பணியின் நோக்கத்தையும் சுட்டிவிடுகிறது. காயம் என்றால் குணப்படுத்துதல் நோக்கமாகும். வடு என்றால் அதனோடு வாழக் கற்றலும் நோக்கமாகும். அதே வேளையில், வடு என்னும் சொல் மாறாத்தன்மையையும் உணர்த்துவதால், சிகிச்சையால் தீரக்கூடிய நோயையும் தீராதது என நோயர் எண்ணிவிட இடமுண்டு. ஆகவே சொல்லின் செறிவும் அதன் எல்லையும் ஒருங்கே உணரப்பட வேண்டும்.

துணையைக் குறிக்கும் சொல்லிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. தமிழகத்தில் 'மனநல ஆலோசனை' என்பது பெருவழக்கு. இலங்கையில் 'உளவளத்துணை' என்பர். ஆலோசனை என்னும்போது அறிந்தவர் அறியாதவர்க்குக் கூறுகிறார். துணை என்னும்போது ஒருவர் மற்றவருடன் நிற்கிறார். அறிவுரை கூறுதலன்று, செவிமடுத்தலே இப்பணியின் அடிப்படை என்பதை இரண்டாம் சொல் தன் அமைப்பிலேயே உணர்த்துகிறது. 1987இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய 'சாந்திகம்' போன்ற நிறுவனங்களின் பணியோடு இச்சொல் பரவலாக வழங்கலாயிற்று.

போதலும் ஆக்கப்படுதலும்

இலங்கையில் 2016இல் இயற்றப்பட்ட சட்டத்தின்வழி அமைந்த அலுவலகம் 'காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' என வழங்கப்படுகிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவினர்கள் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற சொல்லையே ஆள்கின்றனர். 'போன' என்பதில் செயல் மறைந்தவருடையதாகிறது. 'ஆக்கப்பட்ட' என்னும் செயப்பாட்டுவினையோ, சொல்லப்படாத ஒரு வினைமுதலை அவாவி நிற்கிறது. இலக்கண வேறுபாடாகிய இதுவே உறவினர்க்கு நீதியின் வேறுபாடாகவும் அமைகிறது.

இறந்தாரா இருக்கிறாரா என்று தெளியாத இவ்விழப்பை அமெரிக்க அறிஞர் பாலின் பாசு 'தெளிவற்ற இழப்பு' எனும் கருத்தாக்கத்தால் விளக்கினார். தமிழ்ச் சூழலில் இவ்விழப்பு சடங்கிலும் தடை ஏற்படுத்துகிறது. இறந்த திதி தெரியாமல் அந்தியேட்டியும் திவசமும் செய்ய இயலாது. மனைவி பொட்டிடுவதா, விடுவதா என்பதும் முடிவாகாது. இறப்புச் சான்றிதழ் பெறுவது, கணவரைத் தாமே இறந்தவராக்குவதாகச் சிலருக்குத் தோன்றுகிறது. இறந்தார் என்று கூறாமல், காணப்படவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல் சட்டத் திருத்தத்தால் வழி செய்யப்பட்டது. ஒரு சான்றிதழின் சொல்லும் உளநலத் துணையாக அமையக்கூடும் என்பதற்கு இது சான்று.

மட்டக்களப்புப் பகுதியின் அம்மன் கோயில்களில் தெய்வமேறி வாக்குச் சொல்வோரை இத்தகைய குடும்பத்தினர் நாடியதை மானிடவியலாளர் பட்ரிசியா லாரன்சு ஆராய்ந்துள்ளார். வெளியில் பேச அஞ்சிய காலத்தில், அச்சந்நிதி துயரைச் சொல்லத்தக்க இடமாக இருந்தது. இறப்பை ஏற்க மறுக்கும் தாயை நோயாளர் என்று உடனே வகைப்படுத்துவது எத்துணைப் பிழையாகும் என்பதை இச்செய்திகள் காட்டுகின்றன.

நான்கு படிகளும் நான்கு நிலைக்களன்களும்

நெருக்கடிக் காலத்து உளநலப் பணிக்கென 2007இல் வெளியிடப்பட்ட பன்னாட்டு நெறிமுறைகள் துணையை நான்கு படிகளாகப் பகுக்கின்றன. உணவு, உறைவிடம், பாதுகாப்பு ஆகியவற்றை மாந்தக் கண்ணியம் குன்றாமல் வழங்குதல் அடிப்படி. குடும்பத்தையும் சமூகத்தையும் மீளக் கட்டுதல் இரண்டாவது. பயிற்சி பெற்ற பணியாளர் தனியாள்களுக்கும் குடும்பங்களுக்கும் துணைநிற்றல் மூன்றாவது. உளமருத்துவர் முதலிய வல்லுநரின் சிகிச்சை நான்காவது. இது சிலருக்கே தேவைப்படுவது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு முதலாக நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு. சுற்றத்தையும் நுகர்ச்சியையும் இழத்தல் இழவு. எஞ்சிய இரண்டனுள் அசைவு என்பது பண்டைய நிலை கெட்டு வேறொரு நிலையராய் வருந்துதல் என்பது பேராசிரியர் உரையின் கருத்து, மற்றது வறுமை. மெய்ப்பாட்டியல் உளமருத்துவ நூலன்று. நவீனக் கருத்தை அதன்மேல் ஏற்றுவது ஆய்வு நேர்மையாகாது. ஆயினும் அழுகைக்கு இழவு ஒன்றே காரணமன்று என்னும் அதன் பகுப்பு நமக்குப் பயன்படுகிறது. உறவை இழந்ததற்கு மட்டும் ஆறுதல் கூறும் பணி, வறுமையையும் இளிவையும் அசைவையும் விட்டுவிடுகிறது. ஆசிரியராகவும் உழவராகவும் இருந்தவர் முகாமில் பதிவெண்ணாகி நிற்பது அசைவு. கணக்கெடுப்புக்கு வரிசையில் நிற்பது இளிவு. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர்மாற்றியது இளிவை நீக்கும் முயற்சியே. எனினும் குடியுரிமையும் உறைவிடமும் உறுதிப்படாதவரை பெயர் மட்டும் அசைவைத் தீர்க்காது.

தமிழாய்வின் பணிகள்

இதுவரை கூறியவற்றிலிருந்து தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணிகள் மூன்றினைச் சுட்டலாம். முதலாவது, யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மன்னார், மலையகம், முசுலிம் வழக்குகள் அனைத்தையும் தழுவிய துயரச் சொல்லடைவு ஒன்றைத் தொகுத்தல். இரண்டாவது, உளநல வினாநிரல்களின் தமிழாக்கங்களைப் பேசுவோரிடம் சரிபார்த்தல். தமிழக இதழ்கள் மனச்சோர்வு நோயையும் அன்றாட நெருக்கடியையும் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றன. இச்சொல்லைக் கொண்டு வினவினால் விடை எதற்கு உரியது என்பது விளங்காது. மூன்றாவது, முகாம்களில் பணிபுரிவோர்க்கு ஈழத்துப் பேச்சுவழக்கில் பயிற்சி அளித்தல். இப்பணிகளில் துயருற்றோரின் சொற்களைத் தரவாக மட்டும் கருதலாகாது. அவர்தம் இசைவும் மறைகாப்பும் பேணப்பட வேண்டும். பேச விரும்பாதவரின் மௌனமும் மதிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

பெருமூச்சும் யோசனையும் வடுவும் நோய்ப்பெயர்கள் அல்ல. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதும் அரசியல் முழக்கம் மட்டும் அன்று. துயருற்றோர் தம் நிலையைத் தாமே விளக்கிக்கொண்ட சொற்கள் இவை. இவற்றை அறிந்தோரிடம் நோயும் துயரும் வேறுபடுத்தப்பட்டு, உரியவர்க்கு உரிய துணை சென்றுசேர வழி பிறக்கும். அறியாதோரிடம், ஒரே மொழி பேசும் இருவரிடையேயும் துயரம் சொல்லப்பட்டும் கேட்கப்படாமல் எஞ்சும். சொற்பொருள் ஆய்வில் நீண்ட மரபுடைய தமிழ்த்துறைகள் இக்கடமையை ஏற்பது காலத்தின் தேவையாகும்.