தீவகத்தில் அறிவியல் – 7: சுண்ணாம்பு முட்டியும் 1913இன் சமன்பாடும்

கடந்த வாரம் நெடுந்தீவின் மட்டக்குதிரைகளோடு நின்றோம். இந்த வாரம் யாழ்ப்பாண நகருக்கு மிகக் கிட்டிய தீவான மண்டைதீவுக்கு வருவோம். பண்ணைப் பாலத்தால் வந்து சந்தியில் இறங்கினால் தீவு தொடங்கிவிடுகிறது. நகரம் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் அங்கேதான் ரியூசனுக்குப் போய் வருகிறார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன செய்வது என்ற யோசனையோடுதான் அவர்கள் மாலை வகுப்பில் இருப்பார்கள். நகரத்துப் பிள்ளைக்கு அந்த யோசனை இல்லை.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு. ஆனால் மண்டைதீவு யாழ்ப்பாண மாவட்டத்தில் இருக்கிறது. நகரத்துக் கல்லூரிகளும் அதே மாவட்டத்தில்தான். ஆகவே இந்தத் தீவுப் பிள்ளையும் நகரத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்குத்தான் ஓட வேண்டும். ஆய்வுகூடத்தில் என்ன இருந்தது, இரசாயனத்துக்கு ஆசிரியர் எப்போது வந்தார் என்று இஸட் புள்ளி விசாரிப்பதில்லை. இந்த நிலைமை நாளைக்கே மாறாது. மாறும்வரை, காசில்லாமல் கைக்கு எட்டக்கூடிய ஒரு வழியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்: கணக்குப் போட்டுப் படிப்பது.

12ஆம் தரத்து உயிரியலில் தொடக்கத்திலேயே வந்துவிடும் அலகு, உயிரின் இரசாயன, கல அடிப்படை. காபோவைதரேற்று, இலிப்பிட்டு, புரதம், நியூக்கிளிக்கமிலம், நொதியம், கலச்சுவாசம் எல்லாம் அதற்குள்தான். உயிரிரசாயனத்தின் வாசற்படி இது. பிள்ளைகளின் கொப்பிகளை வாங்கிப் பாருங்கள். மூன்று நிற மையில் அழகான குறிப்பு இருக்கும், படம் இருக்கும், அட்டவணை இருக்கும். ஒரு கணக்கைத் தேடினால் கிடைக்காது. பாஸ்ட் பேப்பர் கட்டு ஒன்று தனியாக இருக்கும். அதோடு புள்ளித்திட்டமும் இருக்கும். பலர் கேள்வியை வாசித்தவுடன் புள்ளித்திட்டத்தைப் பார்க்கிறார்கள், அதை அப்படியே பாடமாக்குகிறார்கள். கரையில் நின்றுகொண்டு நீந்தப் பழகுகிற கதை. விடையை வாசிக்கும்போது எல்லாம் விளங்கியது போலவே இருக்கும். அந்த உணர்வை நம்பக் கூடாது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களுக்குச் சிறு பாடப்பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டுத் தாளை மூடி, நினைவில் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

சரி, எந்தக் கணக்கை எடுப்பது? தீவகத்துப் பிள்ளைக்குப் பனையை விட நல்ல பாடப்புத்தகம் இல்லை என்பது என் எண்ணம். பாளை சீவிக் கட்டிய முட்டியில் விழும் சாறு இனிப்பானது. முட்டியைச் சும்மா கட்டினால் காலையில் இறக்குவது கள். உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறக்குவது கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே இரவு. இந்த வித்தியாசத்துக்குள் அந்த அலகின் பாதி அடங்கியிருக்கிறது.

பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் கேள்வி இதுதான். சாற்றில் 100 மில்லிலீற்றருக்கு 12 கிராம் சுக்குரோசு இருக்கிறது என்று கொள்வோம். சுண்ணாம்பு இடாத ஒரு லீற்றர் சாறு முழுவதும் நொதித்தால் அதிகபட்சம் எவ்வளவு எதனோல் வரும்? குறிப்பு, வளநூல் எல்லாம் மூடியிருக்க வேண்டும்.

மண்டைதீவுப் பிள்ளை ஒருத்தி சுக்குரோசின் மூலர்த் திணிவை 360 என்று எழுதினாள். ஏன் என்று கேட்டேன்.

"குளுக்கோசு 180, பிரக்டோசு 180. கூட்டினால் 360 தானே சேர்?"

"ரெண்டும் சேரேக்க என்ன வெளியிலை போகுது பிள்ளை?"

கொஞ்ச நேரம் பேனை அசையவில்லை. பிறகு 360ஐ வெட்டி 342 என்று எழுதினாள். அதோடு நிற்கவில்லை. "அப்ப இது திருப்பி உடையிறதுக்கு ஒரு தண்ணி உள்ளுக்கு வரவேணும் என்ன சேர்?" என்றாள். ஒடுங்கல் தாக்கம், நீர்ப்பகுப்பு என்ற இரண்டும் அவளுடைய கொப்பியில் சிவப்பு மையில் கோடிட்டுக் கிடந்தவைதான். அந்த 18ஐக் கழித்தபோதுதான் அவை அவளுக்குச் சொந்தமாயின.

மிச்சக் கணக்கு நேராக ஓடும். 120 கிராமை 342ஆல் பிரித்தால் 0.351 மூல். ஒரு சுக்குரோசு உடைந்து இரண்டு சிறு வெல்லங்களாகும். ஒவ்வொன்றும் இரண்டு எதனோலும் இரண்டு காபனீரொட்சைட்டும் தரும். ஆகவே எதனோல் 1.404 மூல், அதாவது 64.6 கிராம், கனவளவில் ஏறக்குறைய 82 மில்லிலீற்றர். நூற்றுக்கு 8 வீதம். வாயுவும் அதே 1.404 மூல்தான். நம்முடைய வெக்கையில் ஒரு மூல் வாயு சுமார் 25 லீற்றர் இடம் பிடிக்கும். ஒரு லீற்றர் சாற்றிலிருந்து 35 லீற்றர் வாயு! முட்டி ஏன் நுரைத்துப் பொங்குகிறது என்று பிறகு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனால் கள்ளில் வழமையாக 4 முதல் 6 வீதம் எதனோல்தான் இருக்கும். கணக்கு பிழையா? இந்த இடத்தில் அவசரப்பட்டு விடை சொல்லிவிடக் கூடாது. பிள்ளைகளை யோசிக்க விட வேண்டும். மதுவம் தானும் வளர வேண்டும், அதற்கும் வெல்லத்தில் ஒரு பங்கு போகும் என்பான் ஒருவன். முட்டிக்குள் பற்றீரியாவும் இருக்கிறது, அது அமிலம் செய்யும் என்பாள் இன்னொருத்தி. எல்லாச் சாறும் நொதித்து முடியுமுன்னே இறக்கிவிடுகிறார்கள் என்று, வீட்டில் சீவல் தொழில் செய்கிற பிள்ளை சொல்லும். மூன்றும் சரி. அதிகபட்சம் என்ற சொல் கேள்வியில் ஏன் இருந்தது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

இனிச் சுண்ணாம்பு. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பீ.எச். பெறுமானம் 12ஐத் தாண்டும். சுக்குரோசை உடைக்கும் இன்வேட்டேசு என்ற மதுவ நொதியம் நன்றாக வேலை செய்வது 4.5க்கு அண்டிய அமிலத்தில். காரம் கூடினால் உயிர்ப்பு மையத்திலுள்ள அமினோ அமிலப் பக்கத்தொகுதிகளின் ஏற்றம் மாறுகிறது. நொதியம் சுக்குரோசின்மேல் வேலை செய்ய முடியாமல் போகிறது. மதுவமும் பெருக முடிவதில்லை. சுக்குரோசு உடையாமல் தங்குகிறது. உடையாமல் தங்கினால்தான் பனங்கட்டி கட்டிபடும். சுண்ணாம்பு காணாமல் சாறு புளித்திருந்தால் குளுக்கோசும் பிரக்டோசும் கூடி, எவ்வளவு காய்ச்சினாலும் பாணி இளகியே நிற்கும். சுண்ணாம்பு கூடிப்போனாலும் பாணி கறுத்துவிடும். இந்த அளவைத் தொழிலாளி கையால் அறிவார், பிள்ளை பீ.எச். தாளால் அறியலாம்.

எனக்கு மிகப் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. நொதியத் தாக்கவீதத்துக்கு உலகம் முழுக்கப் படிப்பிக்கப்படுவது மைக்கேலிஸ்–மென்ரன் சமன்பாடு. லியோனோர் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து பேர்லினுக்குப் போய் அவரோடு வேலை செய்த மோட் மென்ரன் என்ற பெண் மருத்துவரும் 1913இல் அதை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்த நொதியம் எது தெரியுமா? இதே இன்வேட்டேசுதான். எடுத்த பொருளும் இதே சுக்குரோசு. சுக்குரோசுக் கரைசல் முனைவாக்கிய ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும். உடைந்த கலவை இடப்பக்கம் திருப்பும். அந்தத் திரும்பலை அளந்தே வேகத்தைக் கண்டார்கள். குறித்த நேரத்தில் தாக்கத்தை நிறுத்த என்ன செய்தார்கள் என்றால், எடுத்த மாதிரியைக் காரக் கரைசலில் விட்டார்கள். பேர்லின் ஆய்வுகூடத்தில் சோடா செய்த வேலையைத்தான் நம் ஊர்ப் பனை உச்சியில் சுண்ணாம்பு செய்துகொண்டிருந்தது. இதை முதலில் வாசித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிள்ளைகளுக்கும் அது நடக்க வேண்டும் என்பதற்காகவே கேள்வியை இப்படி அமைக்கிறேன்.

அவர்கள் பெற்ற மாறிலி, லீற்றருக்கு 0.0167 மூல். நம் சாற்றில் சுக்குரோசின் செறிவு 0.351. சமன்பாட்டில் இட்டால் 0.351ஐ 0.3677ஆல் பிரிக்க வேண்டும்: உச்ச வேகத்தின் 95 வீதம். இப்போது யாரோ ஒருவர் சாற்றில் சம அளவு தண்ணீரைக் கலந்துவிட்டார் என்று வையுங்கள். நொதியத்தின் அளவு மாறாது என்று கொள்வோம். சுக்குரோசின் செறிவு பாதியாகிறது, வேகமும் பாதியாகுமா? பெரும்பாலான பிள்ளைகள் ஆம் என்று கை உயர்த்துவார்கள். கணக்கைப் போட்டால் 91 வீதம் வருகிறது. நிரம்பல் என்ற கருத்தை வளைகோடு வரைந்து எத்தனை முறை விளக்கினாலும் ஏறாத இடத்தில், தண்ணீர் கலந்த இந்தக் கள்ளு ஏற்றிவிடுகிறது. உண்மை முட்டிக்குள் வேறு பல சிக்கல்களும் உண்டுதான். முதற்கணக்குக்கு இது போதும்.

தமிழில் இரசாயனம் படிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1847இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அந்த முயற்சியில் 1875இல் வெளிவந்த இரசாயன நூலின் பெயர் கெமிஸ்தம். நூறு ஆண்டு கழித்து, 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியது. அங்கே உயிரிரசாயனப் பேராசிரியராக இருந்த வசந்தி அரசரத்தினம் 2011 முதல் 2017 வரை துணைவேந்தராகவும் இருந்தார். பனம்பழத்தின் கசப்பைக் கூட உயிரிரசாயனவியலாளர் விட்டுவைக்கவில்லை. தெற்கே ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் ஈ. ஆர். ஜான்ஸும் அவருடைய குழுவினரும், அந்தக் கசப்பு பிளபெல்லிபெரின் எனப்படும் பொருள்களிலிருந்து வருவதையும், நரிஞ்சினேசு என்ற நொதியத்தால் அதைப் போக்கலாம் என்பதையும் ஆராய்ந்தார்கள். பனங்களி பிசைகிற வீட்டிலிருந்து வரும் பிள்ளை இதைக் கேள்விப்படாமல் உயர்தரம் முடிப்பது எனக்கு ஏற்க முடியாத ஒன்று.

போரினால் 1990 ஓகஸ்டில் மண்டைதீவு மக்கள் ஊரை விட்டு எழும்பினார்கள். அந்த ஆண்டுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அந்தத் தலைமுறை பாஸ்ட் பேப்பர் செய்தது. அவர்களிடம் அச்சடித்த புள்ளித்திட்டம் கையில் இருந்தது குறைவு. ஆளாளுக்கு விடை எழுதி, ஒப்பிட்டு, சண்டை பிடித்துத்தான் சரியானதைக் கண்டார்கள். அந்த இல்லாமையை நான் போற்றவில்லை. அது யாருக்கும் வரக் கூடாது. அந்தச் சண்டையை மட்டும் இன்றைய பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று பேர் சேருங்கள். விடையைப் பார்க்குமுன் எல்லோரும் எழுதுங்கள். அலகுகளையும் எழுதுங்கள், கிராமையும் மூலையும் கலந்து எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தப் பாடத்தில் அதிகம் புள்ளி போகிறது. பிழைத்த கேள்வியைத் திகதியோடு தனிக் கொப்பியில் எழுதி, அடுத்த வாரம் மறுபடி செய்யுங்கள். வளநூலை அதற்குப் பிறகு திறந்தால் ஒவ்வொரு பந்தியும் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக வரும்.

இந்த வாரத்துக்கான கணக்கு. கள்ளைத் திறந்து வைத்தால் அசற்றிக்கமில பற்றீரியா புகுந்து வினாகிரியாக்கும். ஒரு மூல் எதனோல் ஒரு மூல் ஒட்சிசனோடு சேர்ந்து ஒரு மூல் அசற்றிக்கமிலமும் ஒரு மூல் நீரும் ஆகும். நம்முடைய 64.6 கிராம் எதனோல் முழுவதும் அப்படி மாற எத்தனை கிராம் ஒட்சிசன் தேவை? அதே கள்ளைப் போத்தலில் விட்டு வாயை இறுக்க மூடிவிட்டோம். நொதித்தல் முன்பே முடிந்துவிட்டது. மேலே 50 மில்லிலீற்றர் காற்று மட்டும் இருக்கிறது. அந்தக் காற்றால் எத்தனை மில்லிகிராம் அமிலம் உண்டாக முடியும்? காற்றில் ஒட்சிசன் கனவளவில் 21 வீதம், ஒரு மூல் வாயு 25 லீற்றர், அசற்றிக்கமிலத்தின் மூலர்த் திணிவு 60. விடை அடுத்த இதழில்.

(தொடரும்)