கச்சதீவுக்கு விசா தேவையில்லை. அது மட்டும் போதுமா?

“சேர், இந்தியாவிலிருந்து கச்சதீவுக்கு விசா இல்லாமல் வரலாமாம். உண்மையா?” வரைபடப் பாடத்தின்போது ஒரு மாணவன் கேட்டான். உண்மைதான். ஆனால் அந்த உரிமைக்கு எல்லை உண்டு.

285 ஏக்கர் பரப்புள்ள கச்சதீவு இலங்கைக்குரியது என்பதை 1974 ஜூன் மாத ஒப்பந்தம் உறுதிசெய்தது. சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் அதில் கையொப்பமிட்டனர். இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்கு வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது அதன் 5ஆம் உறுப்புரை. அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்கு இராமேஸ்வரத்திலிருந்து மக்கள் படகேறி வருவது இதன்படிதான். நாம் குறிகட்டுவானிலிருந்து போகிறோம்.

இது மீன்பிடி உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று 1976இல் இரு அரசுகளும் கடிதம் பரிமாறிக்கொண்டன. இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. வடக்கு மீனவரின் வலைகளும் கடலடி வளமும் அதனால் அழிகின்றன என்பது நியாயமான முறைப்பாடு.

2024 திருவிழாவுக்கு இந்திய யாத்திரிகர் வரவில்லை. எல்லை தாண்டிய மீனவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதால் இராமேஸ்வரம் மீனவர் விழாவைப் புறக்கணித்தனர். விசா யாரையும் தடுக்கவில்லை; தீராத கடல் தகராறுதான் தடுத்தது.

இந்திய-மியன்மார் எல்லையிலும் இப்படியோர் ஏற்பாடு இருந்தது. எல்லையால் பிரிந்த நாகா, மிசோ, குக்கி மக்கள் 16 கிலோமீற்றர் தூரம்வரை விசா இல்லாமல் சென்று உறவுகளைப் பார்த்து வந்தார்கள். பாதுகாப்பைக் காரணம்காட்டி அதை நிறுத்துவதாக 2024 பெப்ரவரியில் இந்தியா அறிவித்தது.

காகிதத்தில் உள்ள உரிமைக்கும் வாழ்வில் உள்ள உரிமைக்கும் உள்ள இடைவெளியை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றப்பட்டபோது நான் சிறுவன். திரும்பி வரும் உரிமை எமக்கு எப்போதும் இருந்தது. வீடும் பள்ளிக்கூடமும் பாதுகாப்பும் இருக்கவில்லை.

ஆகவே இழுவைமடிப் பிரச்சினையைத் தீர்ப்பதும் 5ஆம் உறுப்புரையைக் காப்பதும் ஒரே வேலைதான். இரு கரை மீனவரும் ஒரே மணலில் இருந்து பேசக்கூடிய இரண்டு நாட்கள் அந்தத் திருவிழா நாட்கள். விழா நமதல்ல என்றாலும், அந்த வழி திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது நமது கடமையும்தான்.