வண்டியின் மூட்டுகள்

உடல்நூற் பாடத்தில் இடுப்பு மூட்டைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல் உருண்டிருக்கும். இடுப்பெலும்பில் அதற்கேற்ற கிண்ணம் குழிந்திருக்கும். பந்து கிண்ணத்துள் சுழல்வதால் காலை எப்புறமும் அசைக்க முடிகின்றது. இதனை விளக்குவதற்காக ஒரு தேங்காய்ச் சிரட்டையையும் ரப்பர்ப் பந்தையும் பல்லாண்டுகள் வகுப்பறைக்குச் சுமந்து சென்றவன் நான். அதே அமைப்பு, நம் தெருவில் நெல்மூட்டை ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டியின் முன்சக்கரத்திலும் இருக்கின்றது என்பதைப் பணி ஓய்வு பெற்ற பிறகே அறிந்தேன். அறிவித்தது ஒரு விபத்து.

எங்கள் ஊர் தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளுள் ஒன்று எங்களுடையது. என்னிடம் படித்த ஒருவர் இங்கே பிக்கப் வண்டி ஒன்றை வாடகைக்கு ஓட்டி வருகின்றார். சில மாதங்களாகவே, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டியின் முன்புறம் 'டக்' என்று ஓர் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. நானே ஒருமுறை அருகில் அமர்ந்து சென்றபோது அதைக் கேட்டு, என்னவென்று வினவினேன். "பழைய வண்டி ஐயா, அப்படித்தான் பேசும்" என்றார். ஒரு நாள் காலையில், நடவுக்குச் செல்லும் பெண்களை வண்டியின் பின்புறத்தில் ஏற்றிக் கொண்டுபோய் வயலோரம் இறக்கிவிட்டுத் திரும்பினார். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுதல் சட்டத்திற்கு மாறானது. ஆயினும் நம் ஊர்களில் அது நடப்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். வெறும் வண்டியைத் தெருமுனையில் மெல்லத் திருப்பும்போது இடப்பக்க முன்சக்கரம் மடங்கி விழுந்தது. வண்டியின் முகம் தரையில் உரசி நின்றது. அவருக்குக் காயமில்லை. ஆனால் அரைமணி நேரத்திற்கு முன்பு அதே வண்டி, அத்தனை பெண்களோடு, ஒருபுறம் நீரும் மறுபுறம் பள்ளமுமான ஏரிக்கரை வழியாக ஓடி வந்திருந்தது.

கழன்று வந்த உறுப்பைப் பட்டறைக்காரர் என் கையில் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் பொருள். எஃகுத் தண்டு ஒன்றின் முனையில் வழவழப்பான பந்து, அதைக் கவ்வி நிற்கும் கிண்ணம், இடையே கிரீஸ், இவற்றை மூடியபடி ஒரு ரப்பர் உறை. இதைத்தான் பால் ஜாயிண்ட் என்கின்றனர். சக்கரத்தைத் தாங்கும் மேற்கை, கீழ்க்கை என்ற இரு இரும்புக் கைகள் சில வண்டிகளில் உண்டு. அக்கைகளின் நுனியில் இம்மூட்டு அமைந்து, சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கவும், இடமும் வலமும் திரும்பவும் ஒருங்கே இடமளிக்கின்றது. குறுக்கு அச்சும் பட்டைவில்லும் கொண்ட வண்டிகளில் இவ்விடத்தில் கிங்பின் இருக்கும். எனினும் அவற்றிலும் திருப்புத் தண்டின் முனையில், டை ராடு எண்ட் என்ற பெயரில், பந்தும் கிண்ணமும் உண்டு. ஆகவே இதிலிருந்து தப்பிய வண்டி அரிது. சென்னை நகரத்து ரானே மெட்ராஸ் நிறுவனம் 1960-களிலேயே இத்தகைய மூட்டுகளைச் செய்யத் தொடங்கிவிட்டது என்பது நம் மாநிலத் தொழில் வரலாற்றில் நினைக்கத்தக்க செய்தி.

எஃகு எஃகோடு உராய்ந்துதான் மூட்டு தேய்கின்றது என்று நான் எண்ணியிருந்தேன். பட்டறைக்காரர் வேறு விதமாகச் சொன்னார்: முதலில் கெடுவது ரப்பர் உறை. வெயிலில் வெடிப்பு விடும்; கல் பட்டுக் கிழியும். மழைக்காலத்தில் வண்டி தேங்கிய நீரில் இறங்கும்போது சேறும் மணலும் அவ்வெடிப்பின் வழியே உள்ளே புகும். கிரீஸ் கரைந்து வெளியேறும். பிறகு அந்த மணலே அரமாகிப் பந்தைத் தின்னும். நுண்ணிய கீறல் ஒன்றே எவ்வளவு செய்யும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்றும் உண்டு. 2005-ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்ற பிக்கப் முதலிய வண்டிகளில் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. கீழ் மூட்டுப் பந்தின் மேற்பரப்பில் உற்பத்தியின்போது கீறல் விழுந்திருக்கக் கூடும், அதனால் அது விரைந்து தேயும் என்பதே காரணம்.

இனிச் சோதிக்கும் முறையைக் கூறுகின்றேன். கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டா. பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுதல் கூடாது. சுருள்வில் கீழ்க்கையின்மேல் அமர்ந்திருக்குமாயின், அக்கையின் அடியிலேயே ஜாக்கி வைத்தல் வேண்டும். இல்லையேல் வில்லின் அழுத்தம் மூட்டை இறுக்கிப் பிடித்து, உள்ளிருக்கும் தளர்ச்சியை மறைத்துவிடும். பின்னர்ச் சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து, முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அது சக்கரத்துப் பேரிங்கின் ஆட்டமாகவும் இருக்கலாம். இதைப் பிரித்தறியும் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது: வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்ட வேண்டும். ஆட்டம் அடங்கினால் குறை பேரிங்கில். அடங்காது நின்றால் மூட்டின்மேல் ஐயம் கொள்ளலாம். இடம் வலமாகக் கை வைத்து ஆட்டும்போது தளர்ச்சி தெரிந்தால் டை ராடு முனையைப் பாருங்கள். டயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்வதும், நேர்ச்சாலையில் வண்டி தானே ஒருபுறம் இழுப்பதும் கவனிக்க வேண்டிய குறிகள்.

கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டாயின், முதலில் நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டுக் கிரீஸ் அடிக்க வேண்டும்; துடைக்காவிடில் மண்ணையே உள்ளே செலுத்தியவர்களாவோம். ரப்பர் உறை சற்றே புடைக்கும்போது நிறுத்திவிடல் நன்று. மூடி முத்திரையிட்ட மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிக்க வழியில்லை. உறை கிழிந்து தளர்ச்சியும் கண்டால் மாற்றுவதே முறை. கால அளவைத் தயாரிப்பாளரின் கையேடு கூறும். எங்கள் கரைச் சாலையைக் கண்டவன் என்ற முறையில், எண்ணெய் மாற்றும் போதெல்லாம் ஒரு முறையும், பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு முறையும் உறையைப் பார்த்துவிடுதல் நலம் என்பேன்.

தகுதிச் சான்று இருக்கின்றதே என்பார்கள். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்படுகின்றது. ஆனால் ரப்பர் உறை அந்த நாளுக்காகக் காத்திருந்து கிழிவதில்லை. எங்களுக்கு அருகிலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை, ஏரிக்கென்றே ஒரு வாரியத்தைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த செய்தியைச் சொல்கின்றன. கரை உடைவதற்கு முன்பே அதைக் கவனிக்க ஆள் வைத்தவர்கள் வாழ்ந்த பகுதி இது.

என் மாணவரின் வண்டிக்கு இருபுறமும் புது மூட்டுகள் பொருத்தினார்கள். பழைய ஸ்பிளிட் பின்னையே மறுபடியும் செருகப் போன சிறுவனைப் பட்டறைக்காரர் அதட்டிப் புதியதை எடுத்துத் தந்தார். அதன்பின் சக்கரங்களின் நேர்மை சரிபார்க்கப்பட்டது. கழற்றிய பழைய மூட்டை நான் கேட்டு வாங்கிக் கொண்டேன். இப்பொழுது அது என் மேசைமேல் சிரட்டைக்குப் பக்கத்தில் இருக்கின்றது.